கையில் இருப்பதைக் கொண்டு ஒரு வாழ்த்து அட்டை

தீவகத்துப் பெண்களிடம் கைவேலை என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருவது பனையோலைதான். கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி, பாய், சுளகு என்று ஏதாவது ஒன்றை இழைக்காத வீடு முன்பு எங்கள் பக்கத்தில் அரிது. கடதாசி வேலையைப் பற்றிக் கதைத்தால், "அது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை விளையாட்டெல்லோ" என்று சிரிப்பார்கள். ஆனால் வாழ்த்து அட்டையைக் கையால் செய்து விற்பதும் ஒரு தொழில்தான். அதற்கு வெயிலில் நிற்க வேண்டியதில்லை, பாரம் தூக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையை நித்திரையாக்கிவிட்டு அரை மணித்தியாலம் செய்யலாம். காலில் காயப்பட்டு நடக்க முடியாதவரும் இருந்த இடத்தில் இருந்தபடி செய்யலாம்.

நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் எனது குடும்பம் வேலணையிலிருந்து இடம்பெயர்ந்தது. பிறகு சமூகவியல் படித்து, சமூகப் பணியாளராகத் தீவகத்துக்கே திரும்பி வந்தேன். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய இடங்களில் பெண்கள் குழுக்களுடன் இருந்து பார்த்ததையும், அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

அலுமாரிக்கு மேல் இருந்த பெட்டி

சில வருடங்களுக்கு முன் தீவொன்றில் மூன்று நாள் பயிற்சி ஒன்று நடந்தது. வந்தவர்கள் நல்ல மனதுடன்தான் வந்தார்கள். பூ, வண்ணத்துப்பூச்சி வடிவில் துளை போடும் கருவிகள், நெளிநெளியாக வெட்டும் கத்தரிக்கோல்கள், மினுங்கும் தூள், ஒட்டுப் படங்கள், வெளிநாட்டு வர்ண மட்டைகள் எல்லாம் ஒரு பெட்டி நிறையக் கொடுத்தார்கள். பெண்கள் ஆசையோடு செய்தார்கள். நாலு மாதத்தில் மினுங்கல் தூள் முடிந்தது. மட்டை முடிந்தது. உப்புக்காற்றுப் பட்டுத் துளைக்கருவிகள் துருப்பிடித்து இறுகின. அதே சாமான் வேண்டுமென்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றார்கள்.

நான் அந்தக் குழுவைச் சந்தித்தபோது பெட்டி ஒரு வீட்டு அலுமாரிக்கு மேல் பழைய சேலையால் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. "சாமான் வந்தால் செய்வம் பிள்ளை" என்றார் குழுத் தலைவி. அதைவிடக் கவலையான விடயம் ஒன்றும் இருந்தது. அவர்களில் ஒருவர், தொழில் தொடரும் என்று நம்பி, கடதாசி வெட்டும் இயந்திரம் வாங்குவதற்கு நுண்கடன் எடுத்திருந்தார். வேலை நின்ற பின்பும் கிழமைக்குக் கிழமை தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

அட்டை செய்யும் திறமை அந்தப் பெட்டிக்குள் இருக்கவில்லை, அந்தப் பெண்களின் கையில்தான் இருந்தது. ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்து பழகிய கைக்குக் கடதாசியை நேராக வெட்டுவது பெரிய காரியமா? ஆகவே நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். ஊரில் கிடைக்காத எந்தச் சாமானும் இல்லாமல் முதல் இருபது அட்டைகளைச் செய்து பார்ப்பது. இந்தத் தொழிலுக்காக ஒருவரும் கடன் எடுப்பதில்லை.

வீட்டில் உள்ள கருவிகள்

வெட்டுவதற்கு ஒரு கத்தரிக்கோலும் ஒரு சவர பிளேட்டும் போதும். அடிமட்டம் உலோகத்தில் இருப்பது நல்லது. பிளாஸ்டிக் அடிமட்டத்தின் விளிம்பைப் பிளேட் செதுக்கிவிடும். பிறகு போடும் கோடு எல்லாம் வளைந்து போகும். கீழே வைத்து வெட்டுவதற்குப் பழைய கலண்டர் மட்டையே போதுமானது. வேலை முடிந்ததும் கத்தரிக்கோலில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்து வையுங்கள். கடற்கரை ஊரில் இதை மறக்கக் கூடாது.

அட்டையின் அழகு முதலில் தெரிவது அதன் மடிப்பில்தான். தடித்த மட்டையை அப்படியே மடித்தால் மடிப்பு வெடித்து நார் தெரியும். மை முடிந்த குமிழ்முனைப் பேனாவால், அடிமட்டம் வைத்து, மடிக்க வேண்டிய இடத்தில் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். பிறகு மடித்து, கரண்டியின் முதுகால் ஒருமுறை தேய்த்து விடுங்கள். நெடுந்தீவில் ஒரு ஆச்சி கரண்டியை விட்டுவிட்டுப் பல்லாங்குழி விளையாடும் சோகியால் தேய்த்தார். கரண்டியை விட அது நன்றாக வழுக்கிக்கொண்டு போனது.

சுருள் கடதாசிப் பூச் செய்வதற்குக் கடைகளில் தனியான கருவி விற்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு ஈர்க்கை எடுத்து நுனியைச் சிறிதாகப் பிளந்துகொள்ளுங்கள். பிளவுக்குள் கடதாசிக் கீலத்தின் நுனியைச் செருகிச் சுற்றினால் சுருள் வந்துவிடும். ஈர்க்கு முறிந்தால் இன்னொன்று விளக்குமாற்றில் இருக்கிறது.

துளைக்கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மடித்த துணியின் மேல் மட்டையைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்திலிருந்து தையல் ஊசியால் குத்திப் பாருங்கள். முன்பக்கத்தில் புள்ளிகள் மேலெழுந்து நிற்கும். வெள்ளை மட்டையில் வெள்ளைப் புள்ளியாக ஒரு கோலம் போட்டால், ஒரு துளி வர்ணமும் இல்லாமலே அட்டை அழகாகிவிடும். விரும்பினால் அந்தத் துளைகளுக்கூடாகத் தையல் நூலைக் கோர்த்து இழைக்கோலமாகவும் செய்யலாம்.

கடதாசியை அறிந்து வாங்குங்கள்

2022 ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நாங்கள் எல்லோரும் கண்டோம். கடதாசியை இறக்குமதி செய்யும் நாட்டில் அதன் விலை எங்கள் கையில் இல்லை. 1950களில் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலைக் கொண்டே கடதாசி செய்தது. அந்த நிலைமை இப்போது இல்லை. ஆகவே வாங்கும் ஒவ்வொரு தாளையும் வீணாக்காமல் பாவிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடதாசியின் தடிப்பை நிறையால்தான் சொல்வார்கள். ஒரு சதுர மீற்றர் கடதாசி எத்தனை கிராம் நிறை என்பதே கணக்கு. போட்டோப்பிரதி எடுக்கும் தாள் 70 அல்லது 80 கிராம். அது கடித உறைக்கும் சுருளுக்கும் சரி, அட்டைக்கு மெல்லியது. அட்டைக்கு 200 கிராம் அளவு மட்டை இருந்தால் நிமிர்ந்து நிற்கும். கடையில் கேட்கும்போது இந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். "தடிச்ச மட்டை தாங்கோ" என்று கேட்டால் கிடைப்பதெல்லாம் ஒன்றாக இருக்காது.

ஓலைக்கு இருப்பது போலக் கடதாசிக்கும் நாரோட்டம் உண்டு. தாளை நீளப்பாட்டிலும் குறுக்குப்பாட்டிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்த வளைவின் வழியேதான் நார் ஓடுகிறது. மடிப்பு அந்த ஓட்டத்தின் வழியே வந்தால் வெடிக்காது, அட்டையும் ஈரக்காற்றில் முறுகாது. ஓலை வார்ந்து பழகியவர்களுக்கு இதை ஒருமுறை சொன்னாலே போதும், பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு ஏ4 மட்டை 21 சென்ரிமீற்றர் அகலமும் 29.7 சென்ரிமீற்றர் நீளமும் உடையது. அதைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் இரண்டு அட்டைகள். கழிவு ஒன்றும் இல்லை.

உறையைக் கடையில் வாங்கவே வேண்டாம். ஒரு ஏ4 போட்டோப்பிரதித் தாளிலிருந்து 21 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று வெட்டுங்கள். சதுரத்தை ஒரு மூலை உங்களைப் பார்க்கத் திருப்பி வைத்து, அட்டையை நடுவில் படுக்கையாக வையுங்கள். இடப்பக்க, வலப்பக்க மூலைகளை உள்ளே மடித்தால் இரண்டும் நடுவில் வந்து முட்டும். கீழ் மூலையை மேலே மடித்து ஒட்டுங்கள். மேல் மூலைதான் மூடி. மடிக்கும்போது அட்டையைச் சுற்றி இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் அட்டை இலகுவாக உள்ளே போய் வரும். சதுரம் வெட்டியதில் 8.7 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சும். அதை மூன்று மில்லிமீற்றர்க் கீலங்களாக வெட்டினால் இருபத்தைந்துக்கு மேல் சுருள் பூக்களுக்குக் காணும். அட்டையும் உறையும் சேர்ந்து பத்துக் கிராமுக்குள்தான் வரும். தபாலுக்கும் பாரமில்லை.

புதுத் தாள் வாங்க முடியாதபோது பழையதைத் தேடலாம். கலியாண, சாமத்தியவீட்டு அழைப்பிதழ்களின் அச்சிடாத பக்கம் அருமையான மட்டை. சுவாமி படம் இருப்பதால் எறியவும் மனம் வராமல் அவற்றை எல்லா வீடுகளிலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வழவழப்பான கலண்டர்த் தாளின் பின்பக்கம் உறைக்குள் ஒட்ட நல்லது. பத்திரிகைத் தாளை மட்டும் அட்டையின் முகப்பில் ஒட்டாதீர்கள். அது சில மாதங்களிலேயே மஞ்சளாகிவிடும். பத்திரிகைத் தாளில் பைகள் செய்யலாம், மணி உருட்டலாம்.

பழைய கடதாசியை ஊறவைத்துக் கூழாக்கி, நுளம்பு வலையில் வடித்துப் புதுத் தாள் செய்வதையும் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அழகான வேலைதான். ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு நடந்து போகிற ஊரில் இதைச் செய்யும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. உவர்த்தண்ணீரில் செய்தால் தாளில் உப்புப் பூக்கும். செய்ய ஆசை இருந்தால் மாரியில், மழைத்தண்ணீர் பிடித்து வைத்துச் செய்யுங்கள்.

பசைக்கு ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவைக் கால் தம்ளர் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, முக்கால் தம்ளர் கொதிநீரில் ஊற்றி, மெல்லிய நெருப்பில் கண்ணாடி போல் வரும்வரை துழாவுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், புளித்துவிடும். கடதாசி ஒட்ட அது போதும். ஓலை, துணி, சோகி ஒட்டுவதற்கு மட்டும் பைண்டர் கம் வாங்கினால் ஒரு போத்தல் பல மாதம் வரும். செய்த அட்டைகளைப் பொலித்தீனில் சுற்றி பிஸ்கட் ரின்னுக்குள் வையுங்கள். வள்ளத்தில் குறிகட்டுவானுக்குக் கொண்டுபோகும்போது தெறிக்கிற ஒரு அலை பத்து நாள் வேலையை நாசமாக்கிவிடும்.

மாதிரி எங்கே இருக்கிறது?

"எதைப் பார்த்துச் செய்யிறது அக்கா?" இளம் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கைத்தொலைபேசியில் ஆயிரம் மாதிரிகள் வருகின்றன. பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதில் வரும் ரோசாப்பூவை அச்சு இயந்திரம் எங்களை விட மலிவாகச் செய்யும். இயந்திரத்திடம் இல்லாதது எங்கள் ஊர்.

நெடுந்தீவில் வீட்டுக்கு வீடு பவளக்கல் அடுக்கிய வேலி இருக்கிறது. சாம்பல் நிறக் கடதாசியைக் கையால் கிழித்து ஒழுங்கில்லாமல் அடுக்கி ஒட்டினால் அந்த வேலி அட்டையில் வந்துவிடும். கத்தரிக்கோலே வேண்டாம். ஒல்லாந்தர் காலத்தில் புறாவின் காலில் செய்தி கட்டி அனுப்பினார்கள் என்று எங்கள் ஆட்கள் காட்டும் புறாக்கூடு இருக்கிறது. செய்தி கொண்டுபோகும் ஒரு அட்டைக்கு அதைவிடப் பொருத்தமான படம் உண்டா? வெளியில் மேயும் குதிரைகள், பெருக்க மரம், ஊர்காவற்றுறையிலிருந்து தெரியும் கடற்கோட்டை, குறிகட்டுவானில் கட்டிக் கிடக்கும் வள்ளங்கள் எல்லாம் மாதிரிகள்தான். பெட்டி இழைத்து மிஞ்சும் சாயமிட்ட ஓலைக் கீலத்தை மட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்தால் அதுவே ஒரு முகப்பு.

நயினாதீவுக்கு நாகபூஷணி அம்மனைக் கும்பிடத் தமிழர் வருகிறார்கள். நாகவிகாரைக்குத் தென்பகுதியிலிருந்து சிங்களச் சனங்கள் வருகிறார்கள். ஆனி மாதத் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வெசாக்குக்கு அட்டை அனுப்புவது தென்பகுதியில் பழைய வழக்கம். ஒரே தாமரைப்பூ அட்டை எல்லோருக்கும் பொருந்தும். உள்ளே எழுதாமல் வெறுமையாக விட்டால் வாங்குபவர் தனது மொழியில் எழுதிக்கொள்வார்.

வேறு தேசத்துப் பெண்களையும் நினைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற அம்மையார் 1768 இல் கணவரை இழந்தார். 1772 இல், தனது 72 ஆவது வயதில், கடதாசியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். விழுந்து கிடந்த ஒரு பூவிதழும் பக்கத்தில் கிடந்த ஒரு கடதாசித் துண்டும் ஒரே நிறமாக இருந்ததைக் கண்டதுதான் ஆரம்பம் என்பார்கள். கண் பார்வை மங்கும்வரை பத்து வருடம் செய்தார். ஆயிரத்துக்குச் சற்றே குறைவான அந்தப் பூக்கள் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. "எனக்கு வயது போட்டுது" என்று சொல்லும் அம்மாமாருக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோசிலோவாக்கியாவில் யிட்கா சம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி, கிடைத்த உதவிக்கு நன்றியாக, ஆடிப் பாடும் பிள்ளைகளின் படம் ஒன்றை வரைந்தாள். கடதாசி இல்லாததால் கண்ணாடித் துண்டில் வரைந்தாள். யுனிசெப் நிறுவனம் 1949 இல் வெளியிட்ட முதலாவது வாழ்த்து அட்டை அந்தப் படம்தான். உகண்டாவின் வடக்கில் நடந்த போரால் இடம்பெயர்ந்து தலைநகர் கம்பாலாவில் கல்லுடைத்துப் பிழைத்த அச்சோலிப் பெண்கள், பழைய தாள்களை நீண்ட முக்கோணமாக வெட்டி உருட்டிக் கடதாசி மணிகள் செய்தார்கள். 2004 இலிருந்து அந்த மணிகள் அமெரிக்காவரை விலை போயின. அவர்கள் பாவித்ததும் கழிவுத் தாள்தான். உருட்டுவதற்கு எங்களுக்கு ஈர்க்கு இருக்கிறது.

அட்டையின் பின்பக்கம் என்ன எழுதுவது?

ஒருமுறை நூற்றுக்கணக்கில் அட்டை வாங்க ஒருவர் முன்வந்தார். ஒரு நிபந்தனை வைத்தார். அட்டையின் பின்பக்கத்தில் "போரில் கணவரை இழந்த விதவைகள் செய்தது" என்று அச்சிட வேண்டும். அப்படி இருந்தால் வெளிநாட்டில் கூட விலைக்குப் போகும் என்றார். குழுவில் பணத்தேவை இல்லாதவர் ஒருவரும் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்க வேண்டிய மாதம் அது.

ஒரு சகோதரி மட்டும் எழும்பினார். அவரது கணவர் 2009 இல் காணாமற்போனவர். "நான் விதவை எண்டு ஆர் இவையளுக்குச் சொன்னது? அவர் எங்கை எண்டு இன்னும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. காசுக்காக நானே அதை எழுதி ஒட்டவோ?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிறிது நேரத்துக்குப் பிறகு கணவரை இழந்த ஒரு அம்மா, "பிள்ளை சொல்லுறது சரி. அட்டை வடிவெண்டால் வாங்கட்டும்" என்றார். அந்தக் கட்டளை கைவிட்டுப் போனது. அந்த மாதம் கஷ்டமான மாதமாகத்தான் இருந்தது. சிலர் முகத்தில் வருத்தம் தெரிந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

இப்போது அவர்களின் அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு வரி மட்டும் இருக்கிறது. "கையால் செய்தது. நெடுந்தீவு." வாங்குகிறவர்கள் குறைவுதான், ஆனால் திரும்பவும் வந்து கேட்கிறார்கள். இரக்கத்தால் வாங்குபவர் பெரும்பாலும் ஒருமுறைதான் வாங்குவார் என்பதை நான் இந்த வேலையில் கண்டிருக்கிறேன்.

கூலியை மறக்க வேண்டாம்

விலை வைக்கும்போது எங்கள் பெண்கள் மட்டைக்கும் பசைக்கும் கணக்குப் பார்ப்பார்கள். தங்கள் நேரத்தை எழுதமாட்டார்கள். "வீட்டிலை சும்மா இருக்கிற நேரந்தானே" என்பார்கள். எந்தப் பெண் வீட்டில் சும்மா இருக்கிறாள்?

கணக்கு இப்படித்தான். உங்கள் ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவோ அதை எட்டால் பிரியுங்கள். அது ஒரு மணித்தியாலக் கூலி. ஒரு அட்டைக்கு அரை மணித்தியாலம் எடுத்தால் அதில் பாதி. அதனுடன் சாமான் செலவைக் கூட்டுங்கள். யாழ்ப்பாணம் போய்வரும் வள்ளம், பஸ் செலவைக் கொண்டுபோகும் அட்டைகளின் தொகையால் பிரித்து அதையும் கூட்டுங்கள். பழுதாகிப் போவதற்கும் சிறிது சேருங்கள். வரும் தொகைக்குக் குறைய விற்றால் உங்கள் பிள்ளைகளின் சோற்றிலிருந்து எடுத்து வாங்குபவருக்குக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். விலை கூட என்று சொன்னால் கூலியைக் குறைக்காதீர்கள். வேலையைக் குறையுங்கள். ஐந்து பூவுக்குப் பதில் ஒரு பூ வையுங்கள். பல வேளைகளில் அந்த ஒரு பூ அட்டைதான் கூடுதல் வடிவாகவும் இருக்கும்.

தனியாகச் செய்வதை விட நாலைந்து பேர் சேர்ந்து செய்வது நல்லது. மட்டையை மொத்தமாக வாங்கலாம், ஒருவர் மட்டும் யாழ்ப்பாணம் போய் வரலாம். ஒருவர் வெட்ட, ஒருவர் மடிக்க, ஒருவர் ஒட்ட, வேலையும் ஓடும், மனதில் உள்ளதும் கதையோடு கதையாக வெளியே வரும். அலுமாரிக்கு மேல் பெட்டியை வைத்திருந்த அந்தக் குழுவும் இப்போது கிழமையில் இரண்டு பின்னேரம் கூடுகிறது. நுண்கடன் எடுத்தவர் கடைசித் தவணையையும் கட்டி முடித்துவிட்டார்.

சகோதரிகளே, இந்தக் கிழமையே ஒரு மட்டை, ஒரு ஊசி, ஒரு ஈர்க்கு எடுத்துக்கொண்டு இருங்கள். முதலாவது அட்டையை விற்க வேண்டாம். நீண்ட நாளாக நீங்கள் எழுதாத ஒருவருக்கு, முகாமில் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவருக்கோ கலியாணம் முடித்துத் தூரத்தில் இருக்கும் தங்கைக்கோ, நாலு வரி எழுதி அனுப்புங்கள். இரண்டாவதிலிருந்து கணக்கு எழுதத் தொடங்கலாம்.